இல்லாததைக் கேட்டால்

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். தரிசனம் முடிந்து வந்து டோக்கனை நீட்டினால், அந்த எண் போட்ட அறையிலிருந்து செருப்பை எடுத்துத் தருவார்கள். கணினி நிரல்மொழிகளில் அதிகம் புழங்கும் அமைப்புகளில் ஒன்று கிட்டத்தட்ட இதேதான். டோக்கனுக்கு ‘கீ’ என்று பெயர், அதாவது சாவி. செருப்புக்கு ‘வேல்யூ’, மதிப்பு. இரண்டும் சேர்ந்தால் ஓர் இணை. இந்த இணைகளை அடுக்கி வைத்திருக்கும் பெட்டியை பைத்தானில் டிக்‌ஷனரி என்பார்கள், ஜாவாவில் மேப் என்பார்கள், ரூபியில் ஹேஷ் என்பார்கள். செல்போனில் பெயரைத் தட்டினால் நம்பர் வருவது, ரேஷன் கடையில் அட்டை எண்ணைப் போட்டதும் குடும்பத்தார் பெயர்கள் வரிசையாக வருவது, ஆஸ்பத்திரியில் நோயாளி எண்ணைச் சொன்னதும் ரத்தப் பரிசோதனை முடிவு வருவது, எல்லாவற்றுக்கும் அடியில் எங்கோ இப்படியொரு பெட்டி இருக்கிறது.

டோக்கனும் சரியாக இருந்து செருப்பும் இருந்துவிட்டால் பேச ஒன்றுமில்லை. எல்லா மொழிகளும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். நீங்கள் 47-ஆம் எண் டோக்கனை நீட்டுகிறீர்கள், 47-ஆம் அறை காலியாக இருக்கிறது என்றால்தான் மொழிகளின் குணம் தெரியவரும். அங்கே நிற்கும் பையன் அப்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் வழி, “இந்த நம்பர்ல எதுவும் இல்லீங்க” என்று உரக்கச் சொல்லிவிட்டு, அதற்கு ஒரு முடிவு தெரியும்வரை அடுத்த ஆளைக் கவனிக்க மறுப்பது. பைத்தானில் சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் இதுதான் நடக்கும். ‘கீ எரர்’ என்ற பிழை எழும். அதை யாரும் கையாளாவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் வழி, ஒன்றும் பேசாமல் வெறுங்கையை நீட்டுவது. ஜாவாவில் இதற்கு ‘நல்’ என்று பெயர், ரூபியில் ‘நில்’, ஜாவாஸ்கிரிப்டில் ‘அன்டிஃபைன்ட்’. நெரிசலில் நீங்களும் வாங்கிக்கொண்டதாக நினைத்து நடந்துவிடுவீர்கள். தார் ரோட்டில் கால் சுடும்போதுதான் உறைக்கும். அதற்குள் நாலு தெரு தாண்டியிருப்பீர்கள், எங்கே தொலைத்தோம் என்பதே மறந்திருக்கும்.

மூன்றாம் வழி, “இந்தாங்க” என்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்துவிடுவது. கூகுளில் பிறந்த ‘கோ’ மொழி இப்படித்தான். எண்களை வைத்திருக்கும் மேப்பில் இல்லாத சாவியைக் கேட்டால் பூஜ்யம் வரும், எழுத்துகளை வைத்திருக்கும் மேப்பில் கேட்டால் வெற்றுச் சொல் வரும். கூடவே “உண்மையிலேயே இருந்ததா?” என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டாவதாக ஒரு பதிலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்காவிட்டால் அது தானாகச் சொல்லாது.

நான்காம் வழி கொஞ்சம் விசித்திரமானது. நீங்கள் கேட்ட அந்த நொடியிலேயே 47-ஆம் எண்ணுக்குப் புதிதாக ஓர் அறை ஒதுக்கி, நோட்டில் பதிந்து, அதில் ஒரு வெற்று ஜோடியையும் வைத்து, அதையே எடுத்து நீட்டுவது. சி++ மொழியின் மேப்பில் சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் இதுதான் நடக்கிறது. பைத்தானிலும் ‘டிஃபால்ட் டிக்ட்’ என்ற வகை இதையே செய்யும்.

ஐந்தாம் வழி, “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்று எழுதிய ஒரு மூடிய டப்பாவைத் தருவது. ரஸ்ட் மொழியில் இதற்கு ‘ஆப்ஷன்’ என்று பெயர். டப்பாவைத் திறக்காமல் செருப்பைக் காலில் மாட்ட முடியாது. திறக்கும்போது, காலியாக இருந்தால் என்ன செய்வேன் என்பதை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். “காலியாக இருந்தால் எல்லாம் நின்று போகட்டும்” என்றுகூட எழுதலாம். ஆனால் எழுதியாக வேண்டும்.

இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது, அவரவர் மொழிக்கு அவரவர் வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தொழிலில் இருக்கும் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது, மனிதர்கள் விஷயத்தில் நாம் ஒழுக்கம் சார்ந்த கேள்வியாகத்தான் நடத்துகிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை மதிக்கிறோம். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிறவரிடம் இரண்டாம் முறை வழி கேட்பதில்லை. பெட்டிகள் அந்த இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கிவிட்ட பிறகு, கேள்வி மட்டும் எப்படி மறைந்துபோகும்?

*

வெறுங்கையிலிருந்து தொடங்குவோம். 1965-ஆம் ஆண்டு ஆல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, டோனி ஹோர் அதில் ‘நல்’ என்ற ஒன்றைச் சேர்த்தார். எதையும் சுட்டாத சுட்டு. 2009-இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அவரே அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்று அழைத்தார். ஏன் சேர்த்தீர்கள் என்பதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. செய்வதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது, ஆசையை அடக்க முடியவில்லை.

நல்லில் என்ன தவறு? இல்லாததை இல்லை என்றுதானே சொல்கிறது? சொல்கிறது, ஆனால் எந்த இல்லை என்று சொல்வதில்லை. ஜாவாவின் ஹேஷ்மேப்பில் ஒரு சாவிக்கு எதிரே ‘நல்’ என்ற மதிப்பையே வைக்கலாம். அப்போது கேட்டாலும் நல் வரும், சாவியே இல்லாதபோது கேட்டாலும் நல் வரும். ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், நல் வருகிறது. அவர் பரீட்சை எழுதி விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லையா, அப்படியொரு மாணவரே அந்தப் பள்ளியில் இல்லையா? முதலாவதில் அவரைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும், இரண்டாவதில் எண்ணைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். பெட்டிக்கு இரண்டும் ஒன்று. ஜாவாவிலேயே பின்னால் வந்த கன்கரன்ட் ஹேஷ்மேப், நல்லை மதிப்பாக வைப்பதையே அனுமதிப்பதில்லை. பல பேர் ஒரே நேரத்தில் கைவைக்கும் பெட்டியில் இந்த இருபொருள் தாங்காது என்பது அதை எழுதிய டக் லீயின் வாதம்.

இல்லாமையில் வகைகள் உண்டு என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வைசேஷிகர்களும் நியாயவாதிகளும் அபாவத்தை, அதாவது இல்லாமையை, உலகிலுள்ள பொருள்வகைகளில் ஒன்றாகவே பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள். அதை நான்காகவும் பிரித்தார்கள். பானை செய்வதற்கு முன் மண்ணில் பானை இல்லாதிருப்பது பிராகபாவம். உடைந்த பின் இல்லாமற்போவது பிரத்துவம்சாபாவம். காற்றில் நிறம் இல்லாதது போல எக்காலத்துக்கும் இல்லாதது அத்தியந்தாபாவம். பானை துணியல்ல என்பது அன்னியோன்னியாபாவம்.

தரவுப்பெட்டியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இதில் முதல் மூன்றும் நேரில் பழக்கமானவை. இன்னும் பதியப்படாத விவரம், இருந்து நீக்கப்பட்ட விவரம், எப்போதுமே பொருந்தாத விவரம். திருமணமாகாதவரின் திருமணத் தேதி மூன்றாவது வகை. திருமணமானவர் தேதியைச் சொல்லாமல் விட்டது முதல் வகை. உறவுமுறைத் தரவுத்தளங்களின் தந்தையான எட்கர் காட், 1990-இல் வந்த தன் புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்று வாதாடினார். புழக்கத்திலுள்ள தரவுத்தளங்கள் அதை ஏற்கவில்லை. ஒரே நல்லை வைத்துக்கொண்டு எல்லா இல்லாமைகளையும் இன்றுவரை சமாளித்துவருகிறோம்.

*

வெறுங்கையைவிட மோசமானது ரப்பர் செருப்பு என்பது என் கட்சி. வெறுங்கை எங்காவது ஓரிடத்தில் சுட்டுவிடும். ரப்பர் செருப்பு சுடாது, வேறொருவரைக் கடிக்கும்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகில் ஒரு பண்ணைவீடு. பல ஆண்டுகளாக அங்கே போலீஸ் வந்தது, எஃப்.பி.ஐ. வந்தது, வரித்துறை ஆட்கள் வந்தார்கள், தற்கொலைக்கு முயன்றவரைத் தேடி ஆம்புலன்ஸ் வந்தது, திருட்டுப்போன பொருளைத் தேடி யார்யாரோ வந்தார்கள். அங்கிருந்தவர்களுக்கும் இது எதற்கும் சம்பந்தமில்லை. 2016-இல் பத்திரிகையாளர் கஷ்மீர் ஹில் விசாரித்து எழுதியபோதுதான் காரணம் வெளிவந்தது. இணைய முகவரியைக் கொடுத்தால் அது உலகில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சேவையை மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் நடத்துகிறது. முகவரி சாவி, இடம் மதிப்பு. ஒரு முகவரி அமெரிக்காவில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்து, எந்த ஊர் என்று தெரியாவிட்டால் என்ன சொல்வது? நாட்டின் நடுமையத்தைச் சொல்லிவிடுவோம் என்று 2002 வாக்கில் முடிவெடுத்தார்கள். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று அதை 38, -97 என முழு எண்களாக்கிக்கொண்டார்கள். அந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்த வீடு. 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அங்கே குடியேறியிருந்தன.

யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. “தெரியாது” என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஓர் எண்ணை வைத்தார்கள், அவ்வளவுதான். வைத்தவர்களுக்கு அது ‘சும்மா ஒரு எண்’ என்று தெரியும். நாலு கை மாறி ஒரு போலீஸ்காரரின் திரைக்கு வந்தபோது அது சும்மா ஒரு எண்ணாக இல்லை. வீட்டு வாசலாகிவிட்டது. தெரியாது என்ற சொல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனை கை மாறினாலும் அது தெரியாது என்றேதான் இருக்கும். பூஜ்யத்துக்கும் 38-க்கும் அந்தக் குணம் கிடையாது. அவை பார்ப்பதற்கு அசல் பதில் போலவே இருக்கும்.

விஷயம் வெளிவந்த பிறகு நிறுவனம் அந்த இயல்பு மதிப்பை மாற்றியது. எங்கே தெரியுமா? அதே மாநிலத்தில் ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவில். முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பாதி ஒழுக்கம் இருக்கிறது. சொல்லத்தான் வேண்டுமென்றால் யாரும் குடியிருக்காத இடமாகச் சொல்லு என்பது. மீதிப் பாதியை அவர்கள் எட்டவில்லை. தண்ணீருக்குள் வைத்தாலும் அது இன்னும் ஒரு முகவரிதான்.

நேர்மாறான திசையிலும் இது நடக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் காருக்கு ஆசைப்பட்டு ‘நல்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை நம்பர் பிளேட்டாக வாங்கினார். வண்டி எண் பதியாமல் விடப்பட்ட பார்க்கிங் அபராதங்கள் எல்லாம் அவர் பெயருக்கு வந்துசேர்ந்தன, 12,000 டாலருக்கும் மேல். இதை 2019-இல் ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அவரே விவரித்தார். ‘எண் இல்லை’ என்பதும் ‘இல்லை என்பதே எண்’ என்பதும் அந்தப் பெட்டிக்கு ஒன்றாகிவிட்டது. சங்கர நாராயண விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று நாம் ரசிக்கலாம், அபராதம் கட்டச்சொல்லிக் கடிதம் வந்தவருக்கு ரசனை இருந்திருக்காது.

*

இதற்கு எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. கூட வேலை செய்த ஒருவரோடு இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். அவர் கேட்பார்: “ஏங்க, ஒரு சாவி இல்லைங்கறதுக்காக மொத்த புரோகிராமும் நிக்கணுமா? வாசல்ல ஐந்நூறு பேர் நிக்கறாங்க. ஒருத்தர் செருப்பு காணோம்னு கடையையே இழுத்துச் சாத்தினா மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

நியாயமான கேள்வி. இன்னொன்றும் சொல்வார். ஒரு புத்தகத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறோம். ஒவ்வொரு சொல்லும் சாவி, எண்ணிக்கை மதிப்பு. ‘யானை’ என்ற சொல் பெட்டியில் இல்லை. அதன் எண்ணிக்கை என்ன? பூஜ்யம். இதில் பொய் எங்கே இருக்கிறது? இங்கே இயல்பு மதிப்பு உண்மையைத்தானே சொல்கிறது?

அவர் சொல்வது சரி. இந்த உதாரணத்தை வைத்துத்தான் என் கருத்தும் தெளிவானது. யானையின் எண்ணிக்கை பூஜ்யம் என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? புத்தகம் முழுவதையும் நான் படித்துவிட்டேன் என்பதிலிருந்து. அது எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. பாதிப் புத்தகத்தில் மின்சாரம் போயிருந்தாலும் பெட்டி அதே பூஜ்யத்தைத்தான் சொல்லும். ஆக, பூஜ்யம் என்ற சொல்லைச் சொல்வதற்கான தகுதி கேட்கிறவரிடம் இருக்கிறது, வைத்திருக்கிறவரிடம் இல்லை. பெட்டி சொல்லக்கூடிய நேர்மையான பதில் “என்னிடம் இல்லை” என்பது மட்டும்தான். அந்த இல்லாமைக்கு என்ன அர்த்தம் என்பதை, கேட்பவர் தன் பொறுப்பில், தன் வாயால் சொல்ல வேண்டும்.

பைத்தானில் இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. ‘கெட்’ என்ற செயல்முறையில் சாவியோடு சேர்த்து, இல்லாவிட்டால் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நாம் கொடுக்கலாம். அந்தப் பூஜ்யம் அப்போது கேட்கும் வரியிலேயே, கண் முன்னால் இருக்கும். எவர் எழுதினார் என்று தெரியும். நாளை ஒருவர் வந்து “இந்தப் பூஜ்யம் யார் சொன்னது?” என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரி இருக்கிறது. அதே பூஜ்யத்தை டிஃபால்ட் டிக்ட் வழியாகப் பெட்டி பிறக்கும்போதே அதனுள் வைத்துவிட்டால், கேட்கிற வரியில் அதன் சுவடே இருக்காது. பத்துக் கோப்புகள் தள்ளி உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பயன்படுத்துகிறவர், தனக்கு வந்தது அசல் பூஜ்யமா, வைத்துக் கொடுத்த பூஜ்யமா என்று அறிய வழியில்லை. கணக்கு ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். பொறுப்பு மட்டும் கரைந்துவிட்டது.

வாசலில் நிற்கும் ஐந்நூறு பேர் பற்றிய கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கடையைச் சாத்த வேண்டியதில்லை. காணாமற்போன ஒருவரை ஓரமாக நிற்கச் சொல்லி, தனிச் சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு, மற்றவர்களை அனுப்பலாம். அப்படி ஒரு சீட்டு எழுத வேண்டும் என்று யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேகம் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, அந்த முடிவை எடுக்காமல் இருக்கும் வசதியை.

*

நான்காம் வழிக்கு வருகிறேன். கேட்டதுமே உருவாக்கிவிடும் பெட்டி. சி++-இல் இதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதுவதற்கும் படிப்பதற்கும் ஒரே அடைப்புக்குறியைப் பயன்படுத்த விரும்பினார்கள். எழுத வேண்டுமானால் இடம் வேண்டும், அதனால் இடத்தை உண்டாக்கியே தருகிறது. 2011-இல் வந்த தரத்தில், இல்லாவிட்டால் பிழை எழுப்பும் தனிச் செயல்முறை ஒன்றும் சேர்ந்தது. பழைய வழியும் அப்படியே இருக்கிறது.

தொழில்நுட்பக் காரணம் புரிகிறது. விளைவைப் பாருங்கள். ஓர் ஊரில் கடன் வாங்கியவர்கள் பெயர்கள் ஒரு மேப்பில் இருக்கின்றன. ஒருவர் கடன் வாங்கியிருக்கிறாரா என்று அறியத்தான் கேட்கிறோம். இல்லை. பூஜ்யம் ரூபாய் என்று வருகிறது. சரி என்று நகர்கிறோம். ஆனால் கேட்ட காரணத்தாலேயே அவர் பெயர் இப்போது பட்டியலில் ஏறிவிட்டது. அடுத்து வருபவர் “கடன்காரர்கள் பட்டியலில் எத்தனை பேர்?” என்று கேட்டால் எண்ணிக்கையில் இவரும் ஒருவர். “இன்னார் பெயர் இருக்கிறதா?” என்று கேட்டால் இருக்கிறது.

விசாரிக்கப்பட்டதே ஒரு பதிவாகிவிடுவது நமக்குத் தெரியாத விஷயமா? “ஸ்டேஷன்ல ஒரு தடவ கூப்ட்டு விசாரிச்சாங்களாமே” என்ற ஒற்றை வாக்கியத்தால் நின்றுபோன கல்யாணங்கள் எல்லா ஊரிலும் உண்டு. விசாரணையில் எதுவும் கிடைக்கவில்லை என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. விசாரித்தார்கள் என்பது நிற்கும். கேள்வி கேட்பது உலகை மாற்றக் கூடாது என்பதை நிரல்மொழி வடிவமைப்பில் ஒரு நல்ல பழக்கமாகச் சொல்வார்கள். கேட்கும் வேலை வேறு, மாற்றும் வேலை வேறு, இரண்டையும் கலக்காதே என்று. எனக்கு அது பழக்கத்துக்கும் ஒரு படி மேலே, கேட்கப்படுகிறவருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதையாகத் தோன்றுகிறது.

*

இதுவரை, பெட்டி “என்னிடம் இல்லை” என்று சொன்னால் அது உண்மை என்று வைத்துக்கொண்டே பேசினேன். அதையும் கேள்வி கேட்காமல் விட முடியாது.

இல்லாமையை எப்படி அறிகிறோம் என்பது இந்தியத் தத்துவத்தில் பெரிய வழக்கு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரில பட்டரின் மீமாம்சை மரபு, இல்லாமையை அறிவதற்கென்றே அனுபலப்தி என்று தனியொரு பிரமாணத்தை வைத்தது. காணாமை என்று தமிழில் சொல்லலாம். தரையில் பானையைக் காணோம், அதனால் பானை இல்லை. நம் மணிமேகலையிலும் சமயக்கணக்கர் தத்தம் திறம் சொல்லும் காதையில், அறியும் வழிகளின் பட்டியலில் அபாவம் இடம்பெறுகிறது. ஆனால் வெறுமனே காணாமை போதாது. இருட்டறையில் பானையைக் காணவில்லை என்றால் பானை இல்லை என்று ஆகாது. இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்று சொல்லும் நிலை இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், கண் சரியாக இருக்க வேண்டும், பொருளும் காணத்தக்கதாக இருக்க வேண்டும். அந்தத் தகுதி இருந்தால்தான் காணாமை இல்லாமைக்குச் சான்று. நான் படித்தவரை, சாவி–மதிப்புப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லப்பட்ட ஆகச் சிறந்த எச்சரிக்கை இதுதான், கணினிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

பெட்டியின் வெளிச்சம் என்பது, இரண்டு சாவிகள் ஒன்றா இல்லையா என்று அது முடிவு செய்யும் முறை. பைத்தானுக்கு 1 என்ற எண்ணும், 1.0 என்ற தசம எண்ணும், ‘ட்ரூ’ என்ற உண்மைக்குறியும் ஒரே சாவி. ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதினால் பழைய மதிப்பு சத்தமில்லாமல் போய்விடும். இது வேறானவற்றை ஒன்றாக்குவது. ஒன்றை வேறாக்குவதும் உண்டு, அதற்கு உதாரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது.

‘கோமதி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதல் எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். ககரத்தோடு முன்னால் வரும் இரட்டைக்கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்தத் தமிழாசிரியராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. யூனிகோட் தரமும் இரண்டும் நிகரானவை என்றே சொல்கிறது. ஆனால் பெரும்பாலான நிரல்மொழிகளின் பெட்டிகள் எழுத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டு எண்களைத்தான் பார்க்கின்றன. ஒரு விதமாகப் பதிந்துவிட்டு மற்ற விதமாகத் தேடினால், கோமதி அங்கேயே இருக்க, கோமதி இல்லை என்று பதில் வரும். பதிவதற்கும் தேடுவதற்கும் முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழி இருக்கிறது, ஒரே வரி வேலை. அந்த வரியை எழுத வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

இது எழுத்துக்குறியோடு முடிந்துபோகிற சங்கதி இல்லை. அசாமில் தேசியக் குடிமக்கள் பதிவேட்டைப் புதுப்பித்தபோது, ஒருவர் தானோ தன் முன்னோரோ 1951-ஆம் ஆண்டுப் பதிவேட்டிலோ, 1971 மார்ச் 24 நள்ளிரவு வரையிலான வாக்காளர் பட்டியல் முதலான ஆவணங்களிலோ இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. பழைய பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறியெண் கொடுத்தார்கள். அந்த மரபுத் தரவுக் குறியெண் அப்பட்டமான சாவி. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் அப்பா பெயர் இருந்து பிள்ளை பெயர் இல்லாமல், அண்ணன் பெயர் இருந்து தம்பி பெயர் இல்லாமல் போன செய்திகள் வந்தன. ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் ஆவணத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர்கள், பல தலைமுறை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள், அதில் பெரும் பிரச்சினையாக இருந்தன.

அந்தப் பதிவேட்டின் அரசியலைப் பேச இந்தக் கட்டுரை இடமில்லை. அதன் தர்க்கத்தை மட்டும் பார்க்கிறேன். “இந்தச் சாவியில், இந்த எழுத்துகளில், எங்கள் பெட்டியில் காணவில்லை” என்பதுதான் அந்தத் தேடலால் சொல்ல முடிந்தது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லும் வெளிச்சம் அந்தப் பழைய பட்டியல்களுக்கு இருந்ததா? விடுபட்டவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று வழி வைத்திருந்தார்கள். அங்கே, 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டப்படி, தான் அயல்நாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை அந்த மனிதர் மேலேயே இருந்தது. பெட்டி இல்லை என்றது. பெட்டியின் இல்லைக்கு எதிராக ஒரு மனிதர் தன் இருப்பை நிரூபிக்க வேண்டியிருந்தது.

கான்சஸ் பண்ணைவீட்டில், தெரியாது என்பது ஒரு முகவரியாக மாறியது. இங்கே, காணவில்லை என்பது அயலார் என்பதன் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு இடத்திலும் பெட்டி சொன்னதற்கும் மனிதர்கள் அதைப் புரிந்துகொண்டதற்கும் நடுவில் ஒரு தாவல் இருக்கிறது. அந்தத் தாவலைத் தனியொருவர் தாவவில்லை. பதிந்தவர், தேடியவர், நிரல் எழுதியவர், அச்சிட்டவர், வாசித்தவர் என்று ஆளுக்கு ஓர் அங்குலம் நகர்த்தியிருக்கிறார்கள்.

*

அப்படியானால் ஒரு நிரல்மொழியின் பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? என் விருப்பப் பட்டியல் சிறியது. இல்லாததைக் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த இல்லை, பெட்டிக்குள் வைக்கக்கூடிய எந்த மதிப்போடும் குழம்பாததாக இருக்க வேண்டும். கேட்டதால் எதுவும் மாறக் கூடாது. இல்லாமைக்கு ஒரு மதிப்பு வேண்டுமென்றால் அதைக் கேட்கும் வரியிலேயே கேட்பவர் எழுத வேண்டும். ஏற்கெனவே ஒரு சாவி இருக்கும்போது அதே சாவியில் வேறொன்றைப் போட்டால், பழையதை விழுங்கிவிடாமல் “இது இருந்தது” என்று திருப்பித் தர வேண்டும். ஜாவாவும் ரஸ்ட்டும் இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்கின்றன. எந்த இரண்டு சாவிகளை ஒன்றென்று எடுத்துக்கொள்கிறது என்பது, நிரல் எழுதுகிறவர் முதல் நாளே படிக்கிற பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு மொழி செய்துவிட்டாலும் நேர்மை தானாக வந்துவிடாது. ரஸ்ட்டின் டப்பாவைத் திறக்கும்போது யோசிக்காமல் பூஜ்யம் என்று எழுதுகிறவரை அந்த மொழியால் தடுக்க முடியாது. மொழியால் முடிந்தது, அதை எழுதும்படி அவரைக் கேட்பது. அது சின்ன விஷயம் இல்லை. பெரும்பாலான தீங்குகள் யாரும் எழுதாத பூஜ்யங்களிலிருந்து வருகின்றன என்று நான் நினைக்கிறேன். எழுதச் சொன்னால் நாலு பேரில் ஒருவராவது பேனாவை நிறுத்தி, இது உண்மையா என்று பார்ப்பார்.

எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வது வழக்கம். அப்படிப் படிக்கும்போது நான் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இளையவர்கள் அதைக் கிண்டல் செய்யும் அளவுக்குக் கேட்கிறேன். ஒரு தேடலுக்குப் பக்கத்தில் பூஜ்யத்தையோ வெற்றுச் சொல்லையோ பார்த்தால் கேட்பேன்: “தம்பி, இந்தப் பூஜ்யத்தை யார் சொன்னது?” பல நேரம் நல்ல பதில் வரும். “எல்லாத்தையும் எண்ணி முடிச்சாச்சு சார், இல்லன்னா பூஜ்யம்தான்.” சில நேரம் வருவது, “இல்லன்னா எரர் வருது சார், அதான் போட்டேன்.” அப்படிச் சொல்கிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த எரர் யாரைப் பற்றி என்று சேர்ந்து பார்ப்போம். பெரும்பாலும் அது யாரோ ஒருவர் கொடுத்த எண்ணாக இருக்கும், யாரோ ஒருவருடைய பெயராக இருக்கும்.